வாட்சன் ஹோட்டலை இடிக்கலாமா?

கேள்வி: ஜாம்செட்ஜி டாட்டாவை இந்தியர் என்பதற்காக வாசலிலேயே திருப்பி அனுப்பியது மும்பை வாட்சன் ஹோட்டல். அந்த வைராக்கியத்தில்தான் அவர் தாஜ் ஹோட்டலைக் கட்டினார். பாழடைந்து நிற்கும் அந்த அவமானச் சின்னத்தை ஏன் இன்னும் இடிக்கவில்லை? (வாசகர், மதுரை)

பதில்: இடிக்கக் கூடாது. வாட்சன் வெள்ளையருக்கு மட்டுமான ஹோட்டலாக நடந்தது உண்மை. டாட்டா 1903 டிசம்பரில் தாஜைத் திறந்ததும் உண்மை. இரண்டையும் இணைக்கும் அந்த வாசல் சம்பவத்தை வரலாற்றாளர் பலர் ஏற்பதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு கதையை நம்பி, 150 ஆண்டுக் கட்டடத்தைத் தரைமட்டமாக்கச் சொல்கிறீர்கள்!

அது என்ன கட்டடம் என்று தெரியுமா? இங்கிலாந்தில் வார்ப்பிரும்புத் தூண்களையும் உத்திரங்களையும் வார்த்து, கப்பலில் ஏற்றி வந்து, மும்பையின் காலா கோடா பகுதியில் பூட்டி நிறுத்தினார்கள். வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். லண்டனின் ஆல்பர்ட் பாலமும் அவருடையதுதான். 1871இல் ஹோட்டல் திறந்தது. இந்தியாவில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய வார்ப்பிரும்புக் கட்டடம் என்று அதைச் சொல்கிறார்கள்.

சினிமா பார்க்கும் யாரும் மறக்கக் கூடாத தேதி 1896 ஜூலை 7. இந்தியாவில் முதன்முதலாக சினிமா காட்டப்பட்ட நாள் அது. பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டி ஏழு மாதம்கூட ஆகவில்லை. அவர்களுடைய ஆள் மாரியஸ் செஸ்டியே, ஆஸ்திரேலியா போகிற வழியில், வாட்சன் ஹோட்டலில் ஒரு ரூபாய் டிக்கெட்டுக்கு ஆறு குறும்படங்கள் காட்டினார். ஒரே வாரத்தில் காட்சி நாவல்டி தியேட்டருக்கு மாறியது. நாலணா டிக்கெட்டும் வந்தது. அந்தப் படங்களைப் பார்த்து ஈர்க்கப்பட்ட மும்பைப் புகைப்படக்காரர் படவடேகர், இங்கிலாந்திலிருந்து கேமரா வரவழைத்து 1899இல் ஒரு மல்யுத்தத்தைப் படமெடுத்தார். வெள்ளைக்காரன் வீட்டுக்குள் தொடங்கியது மூன்றே ஆண்டில் நம்மவர் கைக்கு வந்துவிட்டது. இந்த வரலாற்றையா இடிக்கச் சொல்கிறீர்கள்? நிறவெறியை மறைக்கவும் வேண்டாம். வாசலில் கல்வெட்டாகவே பொறித்து வைக்கட்டும்.

அதைப் பாழாக்கியது வெள்ளைக்காரனும் இல்லை. 1960களில் ஹோட்டலை மூடி, அறைகளைத் தடுத்துத் தடுத்து வீடும் அலுவலகமுமாக வாடகைக்கு விட்டார்கள். பக்கத்தில் கோர்ட்டுகள் இருப்பதால் வக்கீல்கள் நிறையப் பேர் குடியேறினார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வாடகை ஏறவே இல்லை. சொற்ப வாடகை வாங்குகிற உரிமையாளர் பழுது பார்க்க மாட்டார். அதைக் கொடுக்கிறவர் காலி செய்யவும் மாட்டார். 2005இல் பால்கனி இடிந்து ஓர் உயிர் போனது. அதே ஆண்டில் உலக நினைவுச்சின்ன நிதியமும், அழிவின் விளிம்பிலுள்ள 100 இடங்களின் 2006ஆம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அதற்குப் பிறகும் யாரும் அசையவில்லை. 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் ஆட்கள் வெளியேறினார்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. அதை மகாராஷ்டிர அரசின் பக்கம் திருப்புங்கள். வெளியேறியவர்களுக்கு ஈடு கொடுத்து, கட்டடத்தை அரசே வாங்கி, அந்த இரும்புச் சட்டகத்தைப் பலப்படுத்த வேண்டும்.