உற்பத்தித் திட்டமிடல் மகளுக்கு ஏற்ற துறையா? ஒரு தந்தைக்கு மறுமொழி

ஐயா, உற்பத்திப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், மென்பொருள் வேலையை நாடாமல் ஆலைகளில் உற்பத்தி அட்டவணை வகுக்கும் பணிக்குச் செல்ல விரும்புவதாகவும், அதில் வளர்ச்சி இருக்குமா என்று நீங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கக்கூடும். ஆனால் மூளைக்கு வேலை குறையாது.

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் ஒரே அளவுள்ள மூன்று சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்களும் (துணிக்குச் சாயம் ஏற்றுபவை) பத்து லாட் (தொகுதி) துணியும் இருப்பதாகக் கொள்வோம். வெளிர் மஞ்சளுக்குப் பின் சிவப்பு, அதன்பின் கறுப்பு என்று ஏற்றினால் இடையில் அலசுவதே பெரும்பாலும் போதும். கறுப்புக்குப் பின் வெளிர் நிறம் வந்தாலோ, காஸ்டிக், ஹைட்ரோஸ் ஆகிய சாயம் நீக்கும் இரசாயனங்களை இட்டுக் கொதிக்கவைத்து இயந்திரத்தைக் கழுவ வேண்டும். அதுவரை ஒரு கிலோ துணிகூட வெளிவராது. அடுத்து என்ன நிறம் என்பதோடு, சற்றுமுன் ஓடியது என்ன நிறம் என்பதும் சேர்ந்தே இந்த இழப்பைத் தீர்மானிக்கிறது. பத்து லாட்டுகளை மூன்று இயந்திரங்களுக்குப் பிரித்து வரிசைப்படுத்த ஏறத்தாழ 24 கோடி வழிகள் உண்டு. 'வெளிர் நிறம் முதலில்' என்னும் மேஸ்திரியின் விதி அவற்றில் மிகப் பெரும்பகுதியை எளிதில் ஒதுக்கிவிடும் (அனுபவத்தை இகழ்பவர் இத்துறையில் நிலைப்பதில்லை). ஆனால் கறுப்புத் துணியைத்தான் நாளைக் காலை அனுப்பியாக வேண்டும் என்றால் அந்த விதி திணறும்.

வேலைகளுக்கு இடையே இப்படிக் கழுவுவது போன்ற மாற்ற நேரமே இல்லாத ஒத்த இயந்திரங்களில், நீண்ட வேலையை முதலில் கொடுக்கும் எளிய விதி, மிகச் சிறந்த அட்டவணையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிந்தாது என்று கணிதவியலாளர் ரொனால்டு கிரஹாம் 1969இல் நிறுவினார். மாற்ற நேரம் நுழைந்ததும் அந்த உறுதி போய்விடுகிறது. கணிதம் தெரிந்தவருக்கு ஆலையில் இடம் இருப்பது அதனால்தான்.

அதிகக் கட்டணச் சான்றிதழ் வகுப்புகளில் இப்போது பணம் போட வேண்டாம். பைத்தான் நிரல்மொழியும், சிறந்த அட்டவணையைத் தேடித்தரக் கூகுள் இலவசமாக வழங்கும் ஓஆர்-டூல்ஸ் மென்பொருளும் தொடக்கத்துக்குப் போதும். அதைவிட முக்கியமாக, ஓர் ஆலையின் திட்டமிடல் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்து, எந்த நிறத்திலிருந்து எதற்கு மாற எத்தனை நிமிடம் ஆகிறது என்று உங்கள் மகளே நின்று அளந்து ஒரு பட்டியல் தயாரிக்கட்டும். அந்தப் பட்டியல் பிழையானால் எந்த மென்பொருளின் விடையும் பிழைதான். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் உற்பத்தி, தொழிலகப் பொறியியலுக்குத் தனித்தாள் இருக்கிறது; கிண்டிப் பொறியியல் கல்லூரியில் தொழிலகப் பொறியியலுக்கென்றே துறை இருக்கிறது. மேற்படிப்பை ஓராண்டுப் பணிக்குப் பிறகு முடிவு செய்வதே என் பரிந்துரை.