எக்ஸ்கவேட்டர் எஞ்சின் சென்சார், வயரிங் கோளாறுகள்: கேள்வி பதில்

24 வோல்ட் மின்னமைப்பும் காமன் ரெயில் எஞ்சினும் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் உயர் அழுத்த எரிபொருளை ஒரே பொதுக் குழாயிலிருந்து தரும் டீசல் எஞ்சின்) கொண்ட எக்ஸ்கவேட்டர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வயரின் நிறமும் பின் எண்ணும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், உங்கள் இயந்திரத்துக்குரிய வயரிங் வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: ஐயா, திரையில் எஸ்.பி.என். 100, எஃப்.எம்.ஐ. 4 என்று பழுதைக் குறிக்கும் கோடு (code) வந்தது. ஆயில் பிரஷர் சென்சாரைப் புதிதாக மாற்றியும் அதே கோடு திரும்பி வருகிறது. புதிய சென்சாரும் பழுதாக இருக்குமா?

பதில்: அந்தக் கோடு சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. எஸ்.பி.என். என்பது எந்த அளவில் கோளாறு என்பதையும், எஃப்.எம்.ஐ. என்பது அது எந்த வகைக் கோளாறு என்பதையும் காட்டும் எண்கள். 100 என்பது எஞ்சின் ஆயில் பிரஷர் என்ற அளவையும், 4 என்பது அந்தச் சுற்றில் சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிடக் கீழே இறங்கியிருப்பதையும் குறிக்கின்றன. இதே 100 உடன் எஃப்.எம்.ஐ. 1 வந்திருந்தால் பொருள் முற்றிலும் வேறு. அப்போது பிரஷரே ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கலாம் என்பதால், எஞ்சினை உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கல் கேஜ் பொருத்திப் பார்க்க வேண்டும்.

உங்களுடைய நிலையில், எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, வயரிங் பக்கத்தில் சப்ளை பின்னுக்கும் ரிட்டர்ன் பின்னுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஏறத்தாழ 5 வோல்ட் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால், பின்னுக்குப் பொருத்தமான அளவுள்ள ஜம்பர் வயரால் சிக்னலையும் 5 வோல்ட் சப்ளையையும் இணைத்துவிட்டுக் கோடைக் கவனியுங்கள். எஃப்.எம்.ஐ. 4 மறைந்து 3 (வோல்டேஜ் அதிகம்) வந்தால் வயரிங்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம்.மும் நன்றாகவே வேலை செய்கின்றன. அப்போதுதான் சென்சார்மீது சந்தேகம் கொள்ள நியாயம் உண்டு. 4 மாறாமல் நின்றால், எத்தனை சென்சார் மாற்றினாலும் பயன் இராது. சிக்னல் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது எர்த்தைத் தொடுகிறது.

கேள்வி: ரெயில் பிரஷர் (எரிபொருள் குழாயின் அழுத்தம்), பூஸ்ட் பிரஷர் (டர்போ தரும் காற்றின் அழுத்தம்), ஆயில் பிரஷர் ஆகிய மூன்றுக்கும் ஒரே நேரத்தில் கோடு வந்து, எஞ்சின் வேகம் குறைந்துவிடுகிறது. ஈ.சி.எம். போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?

பதில்: மூன்று சென்சார்கள் ஒரே நொடியில் கெடுவது அரிது, ஈ.சி.எம். கெடுவதும் அப்படித்தான். பல இயந்திரங்களில் இந்தச் சென்சார்கள் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலே மற்றவற்றின் அளவும் சரிந்துவிடும். அந்த 5 வோல்ட்டில் மீட்டரை வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது வோல்டேஜ் சட்டென்று ஏறுகிறதோ, அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஏறவில்லை என்றால், சாவியை அணைத்து ஈ.சி.எம். கனெக்டரையும் கழற்றிவிட்டு, அந்த வயருக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள்; தொடர்பு தெரிந்தால் பழுது வயரிங்கில் இருக்கிறது. ஈ.சி.எம். விலையைக் கேட்பதற்கு முன் இந்த அரை மணி நேர வேலையைத் தயவுசெய்து செய்துவிடுங்கள்.

கேள்வி: ஈ.சி.எம்.முக்குப் போகும் வயரில் மீட்டர் 24 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் செல்ஃப் அடித்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. கரண்ட் இருந்தும் ஏன்?

பதில்: நீங்கள் அளந்தது சுமை இல்லாத வோல்டேஜ். மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால், ஒரேயொரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும், பச்சை பூத்துப்போன ஃபியூஸ் ஹோல்டரிலும்கூட அது முழு வோல்டேஜைக் காட்டும். 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை அந்தச் சப்ளைக்கும் ஈ.சி.எம்.முக்குரிய எர்த் வயருக்கும் இடையே இணைத்துப் பாருங்கள். பல்பு மங்கினாலோ வோல்டேஜ் இறங்கினாலோ வழியில் தடை இருக்கிறது. சப்ளைக்கும் எர்த்துக்கும் மட்டுமே பல்பைப் பயன்படுத்த வேண்டும். சென்சார் சிக்னலிலும், கணினிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் கேன் (CAN) வயரிலும் ஒருபோதும் கூடாது.

அடுத்து, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளையும் அது பூட்டப்பட்ட இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். பெயின்ட்டுக்கு மேல் பூட்டிய எர்த் லக்கை நான் எத்தனையோ இயந்திரங்களில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சூடான பிறகு, மேல்பாகம் சுழலும்போது மட்டும் எஞ்சின் ஒரு நொடி விக்குகிறது. நிறுத்திப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: எல்லாக் கோளாறுகளிலும் பொறுமையைச் சோதிப்பது இதுதான். முதலில் கோடுகளை அழித்துவிடாதீர்கள். எந்தக் கோடு எத்தனை முறை வந்தது, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது வந்தது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வரைபடத்தைவிடக் கண்ணை நம்புங்கள். கிளாம்ப் இல்லாமல் தொங்கும் இடம், பிராக்கெட்டின் கூர்மையான ஓரம், எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் செல்லும் பகுதி, முன்பு யாரோ டேப் சுற்றிய இடம் ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். ஒருமுறை கிராங்க் சென்சார் கோடு ஒன்றுக்காக இரண்டு நாள் அலைந்தேன். இறுதியில், வெளியே புதிதுபோல் தெரிந்த குழாய் உறைக்குள், கிளாம்ப்புக்கு நேர் கீழே வயரின் தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது.

எஞ்சின் சூடாக ஐடிலில் ஓடும்போது, சுழலும் பாகங்களிலிருந்து விலகி நின்று, வயரிங்கைச் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே திரையில் நேரடி அளவுகளைக் கவனியுங்கள். கனெக்டருக்குள் பின்னின் பிடிப்பையும் சோதிக்க வேண்டும்: அதே அளவுள்ள புதிய ஆண் பின்னைப் பெண் பின்னுக்குள் செலுத்தி இழுத்தால் இலேசான இறுக்கம் தெரிய வேண்டும். மீட்டரின் தடித்த முனையைத் திணித்து அந்தப் பிடிப்பைக் கெடுத்தவர்களே பிறகு இந்த விட்டுவிட்டு வரும் கோளாறைத் தேடி அலைகிறார்கள்.

கேள்வி: கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 என்று காட்டுகிறது.

பதில்: சுற்று அறுந்திருக்கிறது. இந்தச் சென்சார் குளிரில் அதிகத் தடையும் சூட்டில் குறைந்த தடையும் காட்டும் வகை. கனெக்டரின் இரண்டு பின்களையும் இணைத்ததும் அளவு உச்சத்துக்குத் தாவினால் வயரிங் நல்லது, சென்சாரை மாற்றலாம்.

கேள்வி: மானிட்டர் எஞ்சினோடு தொடர்பு இல்லை என்கிறது. கேன் வயரை எப்படிச் சோதிப்பது?

பதில்: பேட்டரியைத் துண்டித்துவிட்டு, கேன் ஹை, கேன் லோ இரண்டுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருப்பதால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையின் தடை இல்லை, அல்லது வழியில் வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் இரண்டு வயர்களும் ஒன்றையொன்று தொடுகின்றன. சில இயந்திரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கேன் இணைப்புகள் இருப்பதால், எதை அளக்கிறீர்கள் என்பதை வரைபடத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பக்கெட்டில் வெல்டிங் செய்ய வேண்டும். ஈ.சி.எம்.மைக் கழற்ற வேண்டுமா?

பதில்: மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, ஈ.சி.எம். கனெக்டர்களையும் கழற்றிவிடுங்கள். வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில், அதே பாகத்திலேயே பூட்டுங்கள். பக்கெட்டில் பற்றவைத்துக்கொண்டு எர்த்தைச் சேசிஸில் பூட்டினால், அந்த மின்னோட்டம் பக்கெட்டின் மூட்டுப் பின்களின் வழியாகவும் பேரிங்குகளின் வழியாகவும் பாய்ந்து அவற்றையும் பொசுக்கும்.