ரொறன்ரோவில் தொலைபேசிக் குறியீடுகள் 416, 647, 437 என்று கூடிக்கொண்டே போக, யாழ்ப்பாணத்தின் 021 மட்டும் ஏன் மாறவில்லை?

சனத்தொகை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், கைத்தொலைபேசிக்கான இலக்கத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது.

கனடாவில் கைத்தொலைபேசிக்கென்று தனிக் குறியீடு இல்லை. வீட்டு லைனும் கைத்தொலைபேசியும் ஊர்க் குறியீட்டின் கீழேயே வரும். குறியீட்டுக்குப் பின்னால் ஏழு எண்கள். அவற்றில் முதலாவது 0, 1 ஆக வராது. 411, 911 போன்ற மூன்றெண் சேவை இலக்கங்களில் தொடங்குபவையும் கழியும். மிஞ்சுவது 79 இலட்சத்து 20 ஆயிரம் இலக்கங்கள். அவை முழுவதும் ஆட்களின் கைக்குப் போவதுமில்லை. கொம்பனிகளுக்குப் பத்தாயிரம் கொண்ட கட்டுகளாக, ஒவ்வொரு எக்ஸ்சேஞ்ச் (தொலைபேசி நிலைய) பகுதிக்கும் தனித்தனியே கொடுத்து வந்தார்கள். புதிய கொம்பனி ஒன்று சின்ன ஊரில் நூறு பேரைச் சேர்த்தாலும் மீதி 9,900 இலக்கமும் அதன் பெயரிலேயே முடங்கிக் கிடக்கும்.

416 என்பது 1947இல் வட அமெரிக்காவுக்கு முதன்முதலாக வகுத்த குறியீடுகளில் ஒன்று. 1993 ஒக்ரோபரில் அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஸ்காபரோ உட்பட மெட்ரோ ரொறன்ரோ 416இலேயே நின்றது. மிசிசாகா, பிரம்ரன், மார்க்கம், ஏஜக்ஸ் எல்லாம் 905க்குப் போயின. பிரித்தால் ஒரு பக்கத்துச் சனத்துக்கு இலக்கமே மாறும். கடைப் பெயர்ப்பலகையிலிருந்து பில் புத்தகம் வரை புதிதாக அடிக்கவேண்டும்.

ஆகவே 2001இல் வேறு வழிக்கு வந்தார்கள். அதே நிலப்பரப்பின் மேலேயே இரண்டாவது குறியீட்டைப் போடுவது: 416க்கு மேல் 647, 905க்கு மேல் 289. பிறகு 2013இல் 437உம் 365உம், 2021இல் 905 பக்கத்துக்கு 742, 2025இல் ரொறன்ரோவுக்கு 942. பழைய ஆட்களின் இலக்கத்தில் யாரும் கைவைப்பதில்லை. அதற்கு விலை, பக்கத்து வீட்டுக்கு எடுக்கவும் பத்து எண்ணையும் அழுத்தவேண்டும். ஏழு எண்ணோடு பதிந்து வைத்த பழைய அலாரம் பெட்டியும் ஃபக்ஸும் அங்கேதான் பேசாமல் நின்றுவிடும். அப்படியிருந்தும் பிரிப்பதைவிட இதுவே நியாயமான முறை. (1995க்கு முன் 647 என்ற குறியீடே வந்திருக்க முடியாது, நடு எண் 0 அல்லது 1 ஆகத்தான் இருக்கவேண்டும் என்பது பழைய விதி.)

லண்டனில் குறியீடே மாறி மாறி வந்தது. 01 என்றிருந்தது 1990இல் 071, 081 ஆகி, 1995இல் 0171, 0181 ஆகி, 2000இல் 020 ஆனது. வீட்டுப் பழைய டயறியில் 0171 என்று தொடங்கும் இலக்கம் கிடந்தால், 0171ஐ எடுத்துவிட்டு 020 7 போட்டு மீதி ஏழு எண்ணை அப்படியே சேருங்கள். 0181க்கு 020 8. பலர் 0207ஐயே குறியீடு என்று நினைக்கிறார்கள். குறியீடு 020 மட்டும். 7 உள்ளூர் இலக்கத்தின் முதல் எண்.

இங்கே யாழ்ப்பாணத்தில் கதை வேறு. 021க்குப் பின் வரும் ஏழு எண்களில் முதலாவது கொம்பனியைக் காட்டும். ஸ்ரீலங்கா ரெலிக்கொமுக்கு 2. அந்த ஒரு எண்ணின் கீழேயே பத்து இலட்சம் இலக்கம் உண்டு. 021 கிளிநொச்சி, முல்லைத்தீவையும் சேர்த்துத்தான், ஆனாலும் 2012 கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டச் சனத்தொகை ஆறு இலட்சத்தைத் தொடவில்லை. கைத்தொலைபேசியோ 07இல் தொடங்கும் தனி வரிசை. டயலொக் கொம்பனியின் 077 போதாமல் போக 076, 074 வந்தன. வளர்ச்சியின் சுமை அங்கே இறங்குகிறது. 021 நெருங்கிய காலத்தில் மாறத் தேவையே இல்லை.

வெளிநாட்டு இலக்கங்களைப் பதியும்போது கனடாவுக்கு +1, லண்டனுக்கு +44 20, எங்களுக்கு +94 21; முன்னுள்ள 0ஐ விட்டுவிடவேண்டும். கனடா இலக்கத்தில் அந்த 1ஐ மறந்து + மட்டும் போட்டால், 416 சுவிஸ் இலக்கமாகவும் 942 இலங்கை இலக்கமாகவும் வாசிக்கப்படும். இரண்டிலும் எண் ஒன்று குறைவதால் கோல் போகாது. 647தான் மோசம். +64 நியூசிலாந்து, 7 அங்கே ஒரு பிராந்தியக் குறியீடு, எண்ணிக்கையும் சரியாகப் பொருந்தும். யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டில் மணி அடிக்கும், பில்லும் ஏறும்.