இங்கிலாந்தின் கடலோர விடுமுறை ஊர் ஒன்றில் கோடைக்காலத்தைக் கழித்தவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள், உங்கள் நினைவுகளைப் பகிர முடியுமா?

வடமேற்கு இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலை நான் இரண்டு விதமாக அறிவேன். சிறுவயதில் மான்செஸ்டரிலிருந்து பெற்றோருடன் ரயிலில் போய் மாலையே திரும்பிய பயணியாக ஒரு விதம். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், கோடை விடுமுறையில் அங்கேயே அறை எடுத்துத் தங்கி மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவளாக இன்னொரு விதம். அந்த ஊர் எனக்குப் பிடிபட்டது இரண்டாவது முறைதான்.

ரயில் ஊரை நெருங்கும்போது, 1894இல் திறக்கப்பட்ட 158 மீட்டர் உயரக் கோபுரத்தை முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ஒரு நாணயம் கொடுப்பது அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பழைய வழக்கம். அடுத்த இருக்கைக்காரர்களைப் பார்த்து அப்பாவும் அதைப் பழகிக்கொண்டார். காற்றுக்கு முதுகைக் காட்டி மணலில் அமர்ந்து, அம்மா கட்டிவந்த ரொட்டியையும் சம்பலையும் சாப்பிடுவோம். பிறகு கழுதைச் சவாரி. அந்தக் கழுதைகளுக்கு வேலை நேரமும் மதிய இடைவேளையும் வெள்ளிக்கிழமை விடுமுறையும் நகர விதிகளிலேயே வரையறுக்கப்பட்டுள்ளன என்பதை அறிந்தபோது, அந்த ஊரின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று.

தொழிற்சாலையில் எனக்குக் கிடைத்தது 'ராக்' எனப்படும் குச்சி மிட்டாயைத் தாளில் சுற்றும் வேலை. எந்த இடத்தில் கடித்தாலும் உள்ளே ஊரின் பெயர் தெரியும் மிட்டாய் அது. சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் காய்ச்சி, குளிரூட்டப்பட்ட இரும்பு மேசையில் ஊற்றுவார்கள். ஒரு பகுதிக்குச் சிவப்புச் சாயம் சேர்ப்பார்கள். மற்றதைப் புதினா எண்ணெயுடன் இயந்திரத்தில் இழுத்து இழுத்துக் காற்றேற்றினால் அது வெளுத்துவிடும். சிவப்புப் பட்டைகளையும் வெள்ளைப் பட்டைகளையும் கையால் அடுக்கித்தான் ஒவ்வோர் எழுத்தையும் உருவாக்குவார்கள். பாகு இளகியிருக்கும்போது வளைவான எழுத்துகள் நசுங்கிவிடும் என்பதால், 'எல்' போன்ற நேரான எழுத்துகளை முதலிலும் 'ஓ' போன்றவற்றைக் கடைசியிலும் செய்வார்கள். எழுத்துகளை வட்டமாக அடுக்கி, சிவப்புத் தோல் போர்த்தி, அடிமரம் போலிருக்கும் அந்த உருளையை உருட்டி இழுத்தால், விரல் பருமனுள்ள குச்சி நீண்டுகொண்டே வரும். நின்று நின்று கால் கடுக்கும், புதினா வாசனை தலைமுடியை விட்டுப் போகாது. ஆனாலும் அந்தக் கைவேலையை அருகிலிருந்து பார்க்கக் கிடைத்ததை என் பேறாகவே கருதுகிறேன்.

என்னுடன் மிட்டாய் சுற்றிய முதிய பெண்மணி ஒருவர், ஓல்டம் பருத்தி ஆலையில் வேலை பார்த்த தம் தாயைப் பற்றி அடிக்கடி பேசுவார். அந்தக் காலத்தில் லங்காஷயர் மாவட்டத்து ஆலை நகரங்கள் ஒவ்வொன்றும் கோடையில் வெவ்வேறு வாரங்களில் ஆலைகளை மூடுவது வழக்கம்; அந்த வாரத்தில் தெருவே திரண்டு பிளாக்பூலுக்குப் புறப்படும். 1846இல் வந்த ரயில் பாதைதான் சிறிய கடற்கரைக் கிராமம் ஒன்றை உழைப்பாளிகளின் விடுமுறை நகரமாக்கியது. ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அந்த ஒரு வாரத்தில் செலவாகும். "அம்மா உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்தது இங்கே மட்டும்தான், கண்ணு," என்ற பொருளில் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. பின்னாளில் ஆலைகளும் மூடப்பட்டன, மக்களும் மலிவான விமானச் சுற்றுலாவில் ஸ்பெயினுக்குப் போகத் தொடங்கினார்கள். பகட்டான ஊர், பழசாகிப்போன ஊர் என்று பிளாக்பூலை இளக்காரமாகப் பேசுபவர்களை இன்றும் சந்திக்கிறேன்; அந்தப் பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது.

நீங்கள் போவதாக இருந்தால், கடற்கரைச் சாலை நெடுக விளக்கலங்காரம் எரியும் செப்டம்பரில், வார நாள் ஒன்றில் போங்கள். கூட்டம் குறைவாக இருக்கும். 1885 முதல் ஓடும் டிராம் வண்டியில் ஃபிளீட்வுட் வரை சென்று வரலாம். ராக் மிட்டாயை மட்டும், கண்முன்னே உருட்டிக் காட்டும் கடை ஏதேனும் இருந்தால், அங்கேயே வாங்குங்கள்.