விளையாட்டுக் கேள்வி - பதில்

கே: சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் கிடைத்த அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில், 1956இல் நோட்டர் டேம் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி '2-8' என்று போட்டிருக்கிறது. அதே அணியின் பால் ஹார்னங்குக்கு நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதாம். அச்சுப் பிழையா?
- வாசகர், அல்சூர்

ப: பிழை இல்லை. 2-8 என்பது ஒரு ஆட்டத்தின் கோல் கணக்கு அல்ல, அந்த சீசன் முழுவதற்குமான கணக்கு: 2 வெற்றி, 8 தோல்வி. மூன்றாவதாக ஓர் எண் இருந்தால் அது டிரா. (ஆஸ்டின் டவுன் மைதானத்துக் கால்பந்தை நினைக்காதீர்கள். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்.)

முந்தைய ஆண்டு 8-2 எடுத்த அணி அப்படியே தலைகீழானது. இடையில் தொடர்ந்து 5 தோல்வி. ஓக்லஹோமாவிடம் 40-0, அதுவும் சொந்த மைதானத்தில்! பத்து ஆட்டங்களில் எடுத்தது 130 புள்ளி, கொடுத்தது 289. ஆட்டத்துக்கு 13 எடுத்து 29 கொடுத்தால் எந்த அணி தேறும்?

நீங்கள் சொல்லும் விருதான ஹைஸ்மன் கோப்பை அணிக்கு அல்ல, ஆளுக்கு; ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஹார்னங் பந்தை எறிந்து 917 கெஜம், தூக்கிக்கொண்டு ஓடி 420 கெஜம் சேர்த்தார். ஆனால் அவர் எறிந்ததில் டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) ஆனவை 3, எதிரணி பிடுங்கியவை 13. பின்தங்கிய அணி விட்டதைப் பிடிக்க நீளமாக எறிந்தாக வேண்டும். எதிரணியும் அதற்குத்தான் காத்திருக்கும். முதலிட ஓட்டு ஓக்லஹோமாவின் டாமி மெக்டொனால்டுக்கே அதிகம். இரண்டாம், மூன்றாம் இட ஓட்டுகளுக்கும் புள்ளி உண்டு என்பதால் ஹார்னங் முந்தினார். தோல்வியே மிகுந்த அணியிலிருந்து இந்தக் கோப்பையை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். என் ஓட்டு சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஜிம் பிரவுனுக்கு விழுந்திருக்கும். அவருக்குக் கிடைத்ததோ ஐந்தாம் இடம்.

கே: எறிவது, ஓடுவது, உதைப்பது, தடுப்பது எல்லாம் ஒரே ஆளா? மாற்று ஆட்டக்காரர்கள் கிடையாதா?
- வாசகர், சிவாஜிநகர்

ப: இருந்தார்கள், இஷ்டத்துக்கு இறக்க முடியாது. 1953இல் ஆள் மாற்றத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. தாக்குகிற 11 பேரே தடுக்கவும் நிற்க வேண்டியதாயிற்று. ஒருவர் கணுக்கால் பிசகினால் இரண்டு பக்கமும் ஓட்டை விழும். கடைசிக் கால்பகுதியில் எல்லோருக்கும் கால் கனக்கும். 1960களின் நடுவில்தான் கட்டுப்பாடு விலகியது.

கே: 20-6, 21-14 என்றெல்லாம் புள்ளி எப்படி வருகிறது?
- வாசகர், ஃபிரேசர் டவுன்

ப: டச்டவுனுக்கு 6. அதையடுத்து ஓர் உதை. கம்பங்களுக்கு நடுவே போனால் 1. ஆட்டத்தின் போக்கிலேயே உதைத்துக் கோல் போட்டால் 3. பந்து வைத்திருப்பவரை அவருடைய அணியின் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கினால் 2. ஆக 21 என்றால் பெரும்பாலும் மூன்று டச்டவுன், மூன்று உதை. 20 என்றால் ஓர் உதை தவறியிருக்கும். டச்டவுனுக்குப் பின் உதைக்காமல் ஓடியோ எறிந்தோ 2 புள்ளி எடுக்கும் வசதி 1958இல்தான் வந்தது. 1956 கணக்கில் அதைத் தேடாதீர்கள்.

கே: தோற்ற அணியில் பேர் வாங்கிய பெங்களூர்க்காரர் உண்டா?
- வாசகர், அல்சூர்

ப: உண்டு, இது நம் கால்பந்தில். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக 70ஆவது நிமிடத்தில் சமன் செய்தவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்ட இந்தியா 2-1 எனத் தோற்றது. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1. அந்த ஒற்றைக் கோல் அகமது கானுடையது. அவரும் நம் ஊர்தான்.