ராமேசுவரம் அருகே மண்டபத்திலிருந்து செல்லும் சிறு படகுக்கு எந்த ஜிபிஎஸ், எந்த வானிலைச் செயலி நல்லது?

பொழுதுபோக்குக்காக வாங்கிய ஃபைபர் படகுக்குப் பெரிய திரையில் கடல் வரைபடத்தையும் படகின் இடத்தையும் காட்டும் சார்ட் பிளாட்டர் தேவையா, கைபேசிச் செயலியே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் கடலுக்கு இரண்டையும்விட, ஒலியை அனுப்பி ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டர்தான் முதலில் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே மணல் திட்டுகள் காற்றோடும் நீரோட்டத்தோடும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், என்றோ அளந்து வரைந்த வரைபடம் காட்டும் ஆழத்தை நம்பிப் படகைச் செலுத்த முடியாது. அடியில் இப்போது எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை எக்கோ சவுண்டர்தான் சொல்லும்.

அடுத்து, கையடக்க ஜிபிஎஸ் ஒன்றும் திசைகாட்டியும் வாங்குங்கள். கைபேசியை மாற்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் தெறித்த தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது; ஒரு துளி வழிந்தாலே வரைபடம் தானாக நகர்ந்துவிடும். பாக் விரிகுடாவில் இலங்கையுடனான எல்லைக் கோட்டை ஜிபிஎஸ்ஸில் பதிந்து, அதற்குப் பல கடல் மைல் முன்பே ஒலிக்கும்படி எச்சரிக்கை வையுங்கள். தெற்கே மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் அவ்வாறே குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது. சுற்றிலும் பவளப் பாறைகளும் உண்டு.

வானிலைக்கு வருவோம். பொதுவான செயலிகள் ராமேசுவரம் ஊருக்கு ஒரே படம் காட்டும். நமக்கோ இரண்டு கடல்கள்: வடக்கே பாக் விரிகுடா என்ற வடகடல், தெற்கே மன்னார் வளைகுடா என்ற தென்கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். ஆகவே ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பை இரு பக்கத்துக்கும் தனித்தனியே பாருங்கள். அதில் வரும் அலை உயரம் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று ஏறத்தாழ அதன் இரு மடங்கு வரை எழக்கூடும். வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை இருந்தால், செயலி எவ்வளவு சாதகமாகக் காட்டினாலும் படகை இறக்காதீர்கள்.

காற்றழுத்தமானி வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிபார் குறைவது நம் பகுதியில் அன்றாட வழக்கம். நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிட்டால்தான் மோசமான வானிலையை உணர்த்தும் உண்மையான இறக்கம் தெரியும்.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வெளிநாட்டுக் கருவிகளை இணையத்தில் பலர் பரிந்துரைப்பார்கள். முன் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். உரிமம் பெற்ற விஎச்எஃப் வானொலிக் கருவி வாங்கி, அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் வைத்திருங்கள். கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் தூரத்தில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் உதவும்.