கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு நிறம்: போர்ட்ரெய்ட் கேள்வி பதில்

கேள்வி: கல்யாணப் பெண்ணின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சிவப்புப் பட்டுப்புடவையை மட்டும் கலரில் விட்டேன். எல்லோரும் புடவையைத்தான் பாராட்டுகிறார்கள். முகம் எடுபடவில்லையே?

பதில்: சுற்றிலும் சாம்பலாக இருக்கும்போது கண் முதலில் நிறத்தைத் தேடித்தான் போகும். புடவை பாதிப் படத்தை அடைத்துக்கொண்டால் முகம் எப்படி எடுபடும்? நிறம் கொஞ்சமாக இருக்கட்டும், முகத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நெற்றிக் குங்குமம், தோட்டுச் சிவப்புக்கல், தோளில் தெரியும் பார்டர் போதும். இப்போதைக்கு அந்தப் படத்தையே தோளுக்குச் சற்றுக் கீழே கிராப் செய்து, கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வரும்படி வைத்துப் பாருங்கள்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் கறுப்பு வெள்ளை பிரிண்ட் மேல் கையாலேயே வண்ணம் தீட்டுவார்கள். எங்கள் வீட்டில் பாட்டியின் படம் ஒன்று அப்படி இருக்கிறது. கன்னத்தில் லேசான ரோஜா நிறம், கம்மலில் கடுகளவு சிவப்பு, அவ்வளவுதான். இன்றும் அதைப் பார்த்தால் முதலில் தெரிவது பாட்டியின் முகம். நான் நிறத்தின் அளவைக் கற்றுக்கொண்டது அந்தப் படத்தில்தான்.

கேள்வி: அம்மா தலையில் கனகாம்பரம். ஆரஞ்சைத் தவிர மற்ற நிறங்களின் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) முழுக்கக் குறைத்தேன். முகமும் கலராகவே நிற்கிறது.

பதில்: நிற்கத்தான் செய்யும். கறுப்போ மாநிறமோ சிவப்போ, மனிதத் தோல் பெரும்பாலும் ஆரஞ்சைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடருக்குள்தான் வரும். அதனால் ஸ்லைடரால் பூவையும் முகத்தையும் பிரிக்க முடியாது. பூச்சரத்தைச் சுற்றி பிரஷ்ஷால் மாஸ்க் போடுங்கள், அதாவது நிறம் நிற்க வேண்டிய இடத்தை மட்டும் தீட்டிக் குறியுங்கள். படத்தை நன்றாகப் பெரிதாக்கிக் காதோரம் பாருங்கள்: மயிரிழைகளுக்கு நடுவே ஆரஞ்சு கசிந்திருக்கும், அதை அழியுங்கள். சரத்தில் மரிக்கொழுந்து கட்டியிருந்தால் அந்தப் பச்சையையும் விட்டுவைப்பேன். அது போனால் பூ காகிதப்பூ மாதிரி ஆகிவிடும்.

சிவப்புப் புடவையிலும் இதே தொல்லை உண்டு. வெயிலில் எடுத்தால் புடவையின் சிவப்பு தாடைக்கு அடியில் பிரதிபலிக்கும். மற்ற இடமெல்லாம் சாம்பலானதும் அது தனியாகத் தெரியும்.

கேள்வி: கண்ணை மட்டும் கலரில் விடலாமா?

பதில்: வேண்டாம். நம் ஊர்க் கண்கள் பெரும்பாலும் கரும்பழுப்பு. கலரில் விட்டாலும் வித்தியாசம் தெரியாது. தெரியவைக்கக் கூட்டினால் பொய்யாகிவிடும். அதைவிட ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, கண்ணில் வெளிச்சப் புள்ளி விழச் செய்யுங்கள். ஃபோகஸ் உங்களுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில்.

கேள்வி: ஃபோனில் எடுத்தால் மூக்கு பெரிதாகிறது.

பதில்: கிட்டே போய் எடுக்கிறீர்கள். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

கேள்வி: கேமராவையே மோனோக்ரோமில் வைத்து எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் ரா ஃபைலாக, அதாவது கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலாகச் சேமியுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ஃபைலில் நிறம் பத்திரமாக இருக்கும். வெறும் ஜேபெக் என்றால் நிறம் போனது போனதுதான். இன்னொரு லாபமும் உண்டு. அரக்கு ஜாக்கெட்டும் கரும்பச்சைப் புடவையும் நேரில் பளிச்சென்று பிரிந்து தெரியும். மோனோக்ரோம் திரையில் பல நேரம் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்கும்போதே பார்த்துவிட்டால், அங்கேயே முந்தானையை மாற்றிப் போடச் சொல்லலாம்.